நாய்க் காப்பகம் வரட்டும்... சாவி யாரிடம்?

தீர்த்தமலைக்குப் போயிருக்கிறீர்களா? தர்மபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர். ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று வரிசையாகத் தண்ணீர். பாறையிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டினால் மனசு லேசாகிவிடும். அப்படி லேசான மனசோடு படியிறங்கி வந்தபோதுதான் எங்களுக்கு அந்தச் சம்பவம் நடந்தது.

என் அக்கா பேத்திக்கு ஆறு வயசு. அடிவாரத்து டீக்கடை ஓரமாகப் படுத்திருந்த நாய்க்குக் கையிலிருந்த பிஸ்கெட்டை நீட்டினாள். பின்னால் இன்னொரு நாய் வந்தது. இரண்டுக்கும் சண்டை. நடுவில் குழந்தையின் கெண்டைக்காலில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

அக்கா பதறிப்போய், "கடைக்காரரே, கொஞ்சம் மஞ்சத்தூள் இருந்தா குடுங்க" என்றாள். பக்கத்திலிருந்த ஒருவர் காபித்தூள் வைக்கச் சொன்னார். இன்னொருவர் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று வைத்தியம் சொன்னார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் துணி சோப்பை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். காயத்தில் தண்ணீர் ஓட ஓட, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவினேன். குழந்தை கத்தின கத்தலுக்கு, என்னைத்தான் எல்லாரும் ராட்சசி மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டுமே! வெறிநோய்க் கிருமியைப் பெருமளவு வெளியேற்றுவது அந்தப் பதினைந்து நிமிடம்தான். மஞ்சளும் காபித்தூளும் காயத்தை மூடத்தான் பயன்படும். மூடவே கூடாது, கட்டுப் போடக்கூடாது, அவசரப்பட்டுத் தையலும் போடக்கூடாது.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் இளைஞர், நிதானமானவர். காயத்தைப் பார்த்து முதல் ஊசியைப் போட்டார். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சத்து மருந்தும் போட வேண்டும் என்று சொல்லி, அதற்கு அரூருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டே கேட்டார்:

"அம்மா, அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கா?"

நான் விழித்தேன். தெருநாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? டீக்கடையில் விசாரித்தால், "போன வருஷம் யாரோ வண்டியில வந்து பிடிச்சாங்க... இந்த நாய்தானான்னு தெரியலீங்க அக்கா" என்றார் கடைக்காரர். அது அந்த ஊரின் குற்றமில்லை. நீங்கள் இப்போதே உங்கள் தெருவில் இறங்கி, வாசலில் படுத்திருக்கிற நாயைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். இதே பதில்தான் வரும்.

அன்றிலிருந்து இந்த விஷயம் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நாயைப் பிடிக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று நாடே இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறது. ஆனால் டாக்டர் கேட்ட அந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே!

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் பதிவான நாய்க்கடி 37 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். அந்த ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். 4.8 லட்சத்தில் 43-தானே என்று நினைத்துவிடாதீர்கள். அறிகுறி ஆரம்பித்த பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும், காற்றுப் பட்டால் உடம்பு நடுங்கும். பக்கத்தில் நிற்கிற நாம் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடிய சாவு இது. 43-ல் ஒன்றுகூட நடந்திருக்க வேண்டியதில்லை.

நம்மில் பலருக்கு இன்னும் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்ற பயம் போகவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அதுதான் வந்தது. 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் அது நின்றே போயிற்று. இப்போது கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கே வேளை. தசையில் போட்டால் 14-ம் நாளும் சேர்த்து ஐந்து. அவ்வளவுதான். பயந்துகொண்டு பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, காப்பகம் விஷயத்துக்கு வருகிறேன்.

2025-ல் இந்த நாட்டில் நாயைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. உச்சநீதிமன்றம் ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப வெளியே விடாதீர்கள் என்றது. 11 நாள் கழித்து, ஆகஸ்ட் 22-ம் தேதி, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிபிடித்த நாயையும் ஆட்களைத் துரத்திக் கடிக்கிற நாயையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7-ம் தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் இவற்றுக்கு வேலி போட வேண்டும். உள்ளே இருக்கிற நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் ஊசியும் போட்டுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அங்கேயே திரும்ப விடக்கூடாது. அந்த வளாகங்களை உள்ளாட்சி அமைப்புகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

நல்லது. பள்ளிக்கூட வளாகத்தில் நாய் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தாயிற்று. பிடித்த நாய் போய்ச் சேருகிற காப்பகத்துக்குள் எட்டிப் பார்ப்பது யார்?

இது வீண் சந்தேகம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) வீட்டில் நடந்த ஒரு விசேஷத்துக்குப் பிறகு அரிசி மூட்டையோடு ஒரு பிராணிகள் காப்பகத்துக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "உள்ளே வரக்கூடாதும்மா, குட்டிங்க பயப்படும்" என்றார் காவலாளி. நியாயம்தான் என்று நினைத்தேன். பேச்சுவாக்கில், "எத்தனை நாய் இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு நூறு, நூத்தம்பது இருக்கும்."

அரிசியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். புண்ணியம் சேர்ந்த திருப்தி. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நூறா, நூத்தைம்பதா? நடுவில் இருக்கிற அந்த ஐம்பது உயிர் எங்கே? நம் வீட்டில் பால் பாக்கெட் ஒன்று குறைந்தால் பால்காரரிடம் கேட்கிறோம். ஐம்பது உயிருக்குக் கணக்கு இல்லாத இடத்துக்கு அரிசி மூட்டை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் காவலாளியைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே போய் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் யாருமே எண்ணவில்லை. நானும்தான்.

கூட்டம் கூடக்கூட அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் கால்நடை டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். பார்வோ வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தால், ரத்தமும் வாந்தியுமாகப் பக்கத்துக் குட்டிகளையும் சில நாளில் காலி செய்துவிடும். டிஸ்டெம்பர், சொறி, படர்தாமரை எல்லாம் கூடவே வரும். இதில் சொறியும் படர்தாமரையும் தூக்கிக் கொஞ்சுகிறவர்களுக்கும் ஒட்டும். நாயின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கழுவிவிட்ட தண்ணீர் பக்கத்துக் கிணற்றடிக்கோ, ஏரி வாய்க்காலுக்கோ போனால் அது ஊர் விஷயமாகிவிடும். மலத்தைப் புதைக்காமல் விட்டால், செருப்பில்லாமல் நடக்கிற பிள்ளைகளின் தோலில் கொக்கிப்புழு ஏறும். அதனால்தான் 'காப்பகம் அவங்க பாடு, நமக்கென்ன' என்று நீங்களும் நானும் இருக்க முடியாது. உள்ளே இருக்கிற நாய்க்கும் வெளியே இருக்கிற குடும்பத்துக்கும் ஒரே சாக்கடைதான்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்கவில்லையா என்றால், யோசித்திருக்கிறது. அதிலும் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வருவதற்கு, மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டப்படி 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். 2018 வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அதன் பிறகு ஹரியானாவுக்குப் போய்விட்டது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2001-ல் வந்த விதிகள், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்கின்றன. அதற்கு மருத்துவமனையும் காப்பகமும் கட்ட இடம் கொடுக்க வேண்டும், முழுநேர டாக்டர் இருக்க வேண்டும் என்கின்றன. 2023 மார்ச்சில் வந்த கருத்தடை விதிகள் இன்னும் கறார். தெருநாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மூலமாகத்தான் செய்ய வேண்டும். உள்ளாட்சி, சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, விலங்கு நல அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கண்காணிப்புக் குழு வேண்டும். ஆபரேஷன் முடிந்த நாயை நான்கு நாளாவது வைத்திருக்க வேண்டும். காதில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் இட வேண்டும். பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். தெருநாய் என்ற பெயரைக்கூட மாற்றி 'சமூக விலங்கு' என்று எழுதிவிட்டார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. சமூகம் யார் என்பதுதான் கேள்வி!

மாநகராட்சிக்கு கமிஷனர் இருக்கிறார், சுகாதார அதிகாரி இருக்கிறார், பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். தீர்த்தமலை மாதிரி ஒரு கிராம ஊராட்சிக்கு? தலைவர், செயலர், தூய்மைப் பணியாளர்கள் சிலர். தெருவிளக்கு, குடிதண்ணீர், குப்பை இதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். தலைவர் இருந்தால்தானே அதுவும்? 2025 ஜனவரி 5-ம் தேதியோடு தர்மபுரி உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒரு அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்கும்போது, நாய்க்கூண்டின் பூட்டைத் திறந்து பார்ப்பது அவர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆனால் கிராமத்துக்கு இது புதுசும் இல்லை. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், 'மாட்டுப் பவுண்டு' என்பார். அடுத்தவன் கொல்லையில் மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பட்டியில் அடைப்பார்கள். வெள்ளைக்காரன் 1871-ல் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம் அது. அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பட்டிக்காரர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எத்தனை மாடு, என்ன அடையாளம், பிடித்து வந்தவர் யார் என்று எழுத வேண்டும். தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மாட்டுக்காரன் வந்து நின்று, "என் மாடு எங்கே?" என்று கேட்டான், அதனால் கணக்கு இருந்தது. நாய்க்குக் கேட்பார் யாரும் இல்லை. அதனால் 150 வருஷத்துக்கு முன்னால் மாட்டுக்கு இருந்த நோட்டுகூட இன்று நாய்க்கு இல்லை.

இப்போது என் கருத்தைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

எல்லா நாயையும் ஆயுசுக்கும் அடைத்து வைக்கிற காப்பகம் கிராமத்துக்கு ஆகாது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இருபது கூண்டு கட்டுகிறீர்கள். இருபது நாயைப் பிடித்து அடைத்தால் முதல் நாளே நிரம்பிவிடும். அந்த நாய்கள் பத்து வருஷம் வாழ்ந்தால் பத்து வருஷத்துக்கும் இடம் இல்லை. இருபத்தொன்றாவது நாய் ரோட்டில்தான் நிற்கும். வருஷத்துக்கு இரண்டு ஈற்றும் போடும். அதே இருபது கூண்டில் பிடித்து, ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, காயம் ஆறவைத்து ஆறு நாளில் திரும்ப விட்டால்? மாதத்துக்கு நூறு நாய். தீர்த்தமலை மட்டுமல்ல, சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் சேர்த்துச் சில மாதங்களில் முடிந்துவிடும் வேலை. காப்பகம் என்பது தங்கிப்போகிற சத்திரமாக இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால், "உங்க பேத்தியைக் கடிச்ச நாயைத் திரும்ப ரோட்ல விடச் சொல்றீங்களா?" என்று என் தம்பியே கேட்கிறான். கேள்வி நியாயமானது. ஆட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான். ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து நாய்கள் பத்து ஆட்டைக் குதறிவிட்டால், அந்தக் குடும்பத்தின் ஒரு வருஷச் சேமிப்பு போச்சு. கொங்குப் பக்கத்தில் செத்த ஆட்டை ரோட்டில் போட்டே மறியல் செய்தார்களே! அப்படிக் கூட்டமாக வேட்டையாடுகிற நாயை, ஆட்களைத் துரத்துகிற நாயைப் பிடித்து உள்ளே வைக்கத்தான் வேண்டும். அதற்குத் தனியாகச் சில கூண்டு போதும். இதில் எனக்கு நாய்ப் பிரியர்களோடு ஒத்துப்போகவில்லை. மூன்று பேரைக் கடித்த நாயையும் 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று அதே பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து விடுவது ஜீவகாருண்யம் ஆகாது.

ஆனால் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்கிறவர்களுக்குச் சென்னைக் கதையைச் சொல்ல வேண்டும். சென்னை மாநகராட்சி 1860 வாக்கிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் சொல்லும் கணக்குப்படி, 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்வரை கொல்லப்பட்டன. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. கொன்ற இடம் காலியானால் அடுத்த தெரு நாய் வந்து அதே குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா 1964-லிருந்தே கருத்தடைத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1996-ல்தான் மாநகராட்சி காது கொடுத்தது. 1996-ல் சென்னையில் 120 பேர் வெறிநோயால் இறந்தார்கள் என்றும், 2007-ல் ஒருவரும் இறக்கவில்லை என்றும் ப்ளூ கிராஸ் சொல்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? கவனம் தளர்ந்தது. 2024-ல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை ஆனவை 27 சதவீதம். நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பூசி எட்டினால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும் என்கிறார்கள் நிபுணர்கள். எண்ணுவதை நிறுத்தினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அந்த 27 போதும்.

எண்ணினால் என்ன ஆகும் என்பதற்குக் கோவா இருக்கிறது. 2014-லிருந்து வீடு வீடாக, தெருத் தெருவாக நாய்களுக்கு ஊசி போட்டு, போட்ட ஒவ்வொன்றையும் செல்போனில் இடத்தோடு பதிவு செய்தார்கள். மூன்று வருஷமாக மனிதச் சாவே இல்லை என்று சொல்லி, 2021-ல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமாக கோவாவை அறிவித்தார்கள். அங்கே ஒரு டாக்டர், 'அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கா?' என்று கேட்டால் பதில் தேட ஓர் இடம் இருக்கிறது.

தீர்த்தமலைக்கு இது முடியாதா? நான் முடியும் என்கிறேன். நம் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் பிறந்த மண் எது? தர்மபுரி மாவட்டம்தான்! 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கேதான் ஆரம்பித்தார்கள். அன்று கையெழுத்துப் போடத் தயங்கிய பெண்கள், பிறகு வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். சங்கத்துப் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் விடியும்வரை தேடுகிற பெண்கள் இவர்கள். காப்பகத்துப் பதிவேட்டை இவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நூறா, நூத்தைம்பதா என்ற பேச்சே வராது.

ஒன்றிய அளவில் காப்பகம் ஒன்று வந்தால், அதைத் தொண்டு நிறுவனம் நடத்தட்டும், பாதகமில்லை. ஆனால் இடம் ஊருடையது, பணம் நம் வரிப்பணம். ஆகவே ஒரு சாவி ஊராட்சியிடம் இருக்க வேண்டும். கால்நடை டாக்டர், சுகாதார ஆய்வாளர், சுயஉதவிக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் இவர்கள் மாதம் ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பதெல்லாம் கட்டடத்துக்குச் சரி. பார்வோ வந்த குட்டி ஒரு வாரம்கூடத் தாங்காது.

போனால் என்ன பார்ப்பது? எனக்குக் கால்நடை டாக்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். முதலில் மூக்கால் பார்க்க வேண்டுமாம். வாசலிலேயே கண்ணை எரிக்கிற மூத்திர நெடி அடித்தால் ஆள் பற்றவில்லை, தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். பிறகு மருந்து வைக்கிற பிரிட்ஜைத் திறக்க வேண்டும். தடுப்பூசி 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில், தெர்மாமீட்டரும் வெப்பநிலை எழுதுகிற தாளும் இல்லாவிட்டால் அங்கே போடப்படுவது வெறும் தண்ணீராகக்கூட இருக்கலாம். அதற்கு அப்புறம் சாவுப் பதிவேடு. இதில்தான் எனக்கு ஆச்சரியம். "செத்தது ஒண்ணும் இல்லை" என்று பூஜ்யம் போட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள் என்றார் அவர். தெருவிலிருந்து அடிபட்டதும் நோய்ப்பட்டதுமாக வருகிற இடத்தில் சாவே இல்லை என்றால், எழுதவில்லை என்றுதான் அர்த்தம். கருத்தடைக் கணக்குக்கும் ஒரு வழி உண்டு. அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து, எண்ணிப் பார்த்து, ஆபரேஷன் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். கேட்க அருவருப்பாக இருக்கிறதா? வெட்டாத நாய்க்குப் பில் போடுவது அதைவிட அருவருப்பு.

அந்தக் கணக்கை எங்கே படிப்பது? அதற்கும் இடம் தயாராக இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு எத்தனை நாய், ஊசி எத்தனை, ஆபரேஷன் எத்தனை, சாவு எத்தனை, திரும்ப விட்டது எங்கே என்று ஐந்தே வரி. மைக்கில் படித்தால் இரண்டு நிமிடம் ஆகாது. நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். (கிராம சபைக்கு நாம் யாராவது போகிறோமா? லீவு நாள் என்று டி.வி. முன்னால்தானே உட்காருகிறோம்!)

காப்பகத்தால் நம் ஆரோக்கியத்துக்கு இன்னொரு பெரிய உபயோகம் உண்டு. அதை யாரும் பேசுவதே இல்லை. கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்தால், பொதுவாகப் பத்து நாளுக்குள் அது செத்துவிடும். கடித்த நாயைப் பிடித்துத் தனிக் கூண்டில் பத்து நாள் வைத்துப் பார்த்து, "நாய் நல்லாயிருக்கு" என்று டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால், கடிபட்ட வீட்டில் எவ்வளவு பெரிய நிம்மதி! மீதி ஊசியை என்ன செய்யலாம் என்று டாக்டரும் தீர்மானிப்பார். ஆனால் தயவுசெய்து ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். நாயைப் பார்ப்பது தனி.

நம் வீட்டு லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் திரிகிற நாய் எல்லாமே அனாதை இல்லை. காலையில் அவிழ்த்துவிட்டு ராத்திரி சோற்றுக்குக் கூப்பிடுகிற 'வளர்ப்பு நாய்' எத்தனை! அதற்கு ஊசி போட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா? குட்டி போட்டால் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கோயில் அடிவாரத்திலோ சந்தைத் திடலிலோ விட்டுவிட்டு வருகிறோமே, அது யார் குற்றம்? 'சாமி பார்த்துக்கும், பிரசாதம் கிடைக்கும்' என்று சமாதானம் வேறு.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரங்குக்குப் பழம் நீட்டி விளையாடாதீர்கள். குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் இதே சோப்பு, இதே பதினைந்து நிமிடம், இதே ஊசிதான். குரங்கு விஷயத்தில் வனத்துறையைத்தான் கேட்க வேண்டும், நாய்க் காப்பகத்தில் அதற்கு இடமில்லை.

எங்கள் பேத்தி கதையை முடித்துவிடுகிறேன். காப்பகமும் இல்லை, பதிவேடும் இல்லை, அந்த நாயைப் பத்து நாள் யார் பார்ப்பது? டீக்கடைக்காரரிடம் நம்பரை வாங்கிக்கொண்டு, தினம் காலையில் போன் செய்தேன். முதல் இரண்டு நாள் சலித்துக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து அவரே முந்திக்கொண்டார். "அக்கா, சோறு தின்னுச்சு." "அக்கா, தண்ணி குடிச்சுது, நானே பார்த்தேன்." ஆறாம் நாள் காலையில், "நாயைக் காணோம்க்கா" என்றார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "மேல மண்டபத்துக்கிட்ட படுத்திருந்துச்சு, இப்பத்தான் இறங்கி வந்துச்சு."

பதினோராம் நாளும் அது கடை வாசலில்தான் படுத்திருந்தது. நாங்கள் நான்கு ஊசியையும் விடாமல் போட்டு முடித்தோம். கடைசி ஊசி அன்று டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "பத்து நாளும் நாயைக் கவனிச்சது யாரு?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் பெயரைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.